அன்று அவர் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்

ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலம். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் பிடித்துக்கொண்டு போனார்களே, அந்தச் சமயம். கோத்தா திங்கியிலிருந்து உள்ளே தள்ளி, ஆற்றை ஒட்டி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகவில்லை. கையில் ஒரு பெண் குழந்தை.

ரப்பர்த் தோட்டம் என்று பேருக்குத்தான். யாரும் பால் வெட்டவில்லை. வெள்ளைக்காரத் துரை சண்டை வந்ததுமே சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். அவருடைய பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து உட்கார்ந்தார். மரங்களில் பாதியை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டோம். காலையிலும் மரவள்ளி, மத்தியானமும் மரவள்ளி. கட்டிக்கொள்ளத் துணி கிடையாது. அரிசிச் சாக்கைப் பிரித்துத் தைத்து உடம்பில் சுற்றிக்கொண்டோம். அது வியர்வையில் நனைந்தால் அரிக்கும் பாருங்கள், அதை இப்போது நினைத்தாலும் கை தானாக முதுகுக்குப் போகிறது.

என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போன அன்று நான் ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தேன். காலைப் பெரட்டில், அதாவது எல்லாரும் வரிசையாக நின்று வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், லாரி வந்து நின்றிருக்கிறது. எங்களை வேலை வாங்கும் கங்காணி வரிசையில் நடந்து ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டிருக்கிறார். கொஞ்ச மாச வேலைதான், நல்ல சம்பளம், அரிசி தருவார்கள் என்று சொன்னாராம். நான் ஈரத் துணியோடு ஓடி வந்தபோது லாரி கிளப்பிய செம்மண் புழுதிதான் இருந்தது. போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே லாரியில் எங்கள் மாரியம்மன் கோயில் பண்டாரமும் போனார். பூசை செய்ய ஆள் இல்லாமல் கோயில் பூட்டிக் கிடந்தது. சில வாரம் பொறுத்துப் பார்த்தோம். பிறகு நானும் எங்கள் லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், இருந்த பெண்கள் சிலரும் போய்க் கதவைத் திறந்து, கூட்டிக் கழுவி, செம்பனை எண்ணெயில் விளக்கேற்றினோம். சேதி கேட்டுக் கங்காணி வந்தார்.

“பொம்பளைங்க சாமிகிட்ட உள்ள வரைக்கும் போறீங்களே, இது என்ன பழக்கம்?” என்றார்.

“போகக்கூடாதுன்னு சொல்ற ஆம்பளைங்க எல்லாரையும் நீங்கதான் லாரியில ஏத்திவிட்டுட்டீங்களே கங்காணி” என்றேன்.

எப்படி அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அதுவரை கங்காணி எதிரில் தலையைத் தூக்கிப் பேசியவள் இல்லை நான். அவர் கோபமாகத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அவருடைய மனைவியும் அதிலிருந்து என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நாங்கள் கோயிலில் கூடுவோம். எங்களுக்குப் பாட்டும் தெரியாது, மந்திரமும் தெரியாது. பண்டாரம் சொல்லிக் கேட்டுப் பழகியது நமசிவாய ஒன்றுதான். அம்மன் கோயிலில் அதைச் சொல்லலாமா என்று ஒருத்தி சந்தேகப்பட்டாள். அம்மனுக்கும் வீட்டுக்காரர் பேர்தானே, கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று இன்னொருத்தி சொன்னாள். சிரித்தோம். அந்தச் சிரிப்போடு உட்கார்ந்து கண்ணை மூடிச் சொல்லத் தொடங்கினால், கொஞ்ச நேரத்தில் யார் குரல் எது என்று தெரியாமல் ஒன்றாகிவிடும். அந்த நேரத்தில் மட்டும் நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்து மூச்சு விட இடம் கொடுக்கும்.

அதற்கும் தடை வந்தது. தோட்டத்தில் யாரும் கூட்டமாகச் சேரக்கூடாது, கோயிலிலும் கூடாது என்று அதிகாரி உத்தரவு போட்டார். காட்டுக்குள் ஜப்பானை எதிர்த்துச் சண்டை போடும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தோட்டத்து ஜனங்கள் உதவுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். நாங்கள் கோயிலுக்குப் போவதை நிறுத்தினோம். ஆனால் சொல்வதை நிறுத்தவில்லை. மரவள்ளிக் காட்டில் வரிசையாக நின்று மண்வெட்டி போடுவோம். வெட்டு விழும்போது ந, ம, சி என்று ஒவ்வொரு எழுத்தாக உதட்டுக்குள் ஓடும். காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்கு மண்வெட்டிச் சத்தம்தான் கேட்கும். மனசுக்குள் ஓடுகிற சாமி பேரை எந்தத் துப்பாக்கியை வைத்து நிறுத்துவான்?

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்தச் சீனப் பெண்ணோடு பழக்கமாயிற்று. தோட்டத்து எல்லையில், ஆற்றங்கரை ஓரம், ஒரு பாழடைந்த குடிசையில் தனியாக இருந்தாள். தலைமுடியை ஒட்ட மழித்துக்கொண்டு சாம்பல் நிறச் சட்டை போட்டிருப்பாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். ஜப்பான்காரர்கள் வந்த புதிதில் சீனர்களைப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் இல்லையா? அதில் அவளுடைய புருஷனையும், கொழுந்தனையும், அப்பாவையும் ஒரே நாளில் கொண்டுபோய்விட்டார்கள். யாரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் முடியை மழித்து, மரக்கறி மட்டும் சாப்பிடும் ஒரு சீன மடத்தில் சேர்ந்து புத்தரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மடமும் எரிந்துபோகவே இங்கே வந்து சேர்ந்திருந்தாள். கொல்லையில் கீரையும் சர்க்கரைவள்ளியும் போட்டிருந்தாள். கேட்கிறவர்களுக்கு ஒரு பிடி கீரை கொடுப்பாள்.

இரண்டு பேருக்கும் தெரிந்தது சந்தை மலாய் ஒன்றுதான். அதில்தான் பேசிக்கொண்டோம். அவள் என்னைத் “தங்காச்சி” என்பாள். நான் அக்கா என்று தமிழிலேயே கூப்பிடுவேன்.

மத்தியான இடைவேளையில் கீரைக்குப் போன ஒரு நாள் அவள் ஓதிக்கொண்டிருந்தாள். மீன் மாதிரி குடைந்த ஒரு மரக்கட்டையைச் சின்னக் குச்சியால் தட்டிக்கொண்டே, புத்தர் பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். “நாமோ ஓமித்தோ” என்று என் காதில் விழுந்தது. சத்தம் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. நான் வாசலில் நின்றபடியே அழுதுவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. பக்கத்தில் பாயைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு முடிந்தபோதெல்லாம் போனேன். நான் என்ன சொல்லி உட்காரட்டும் என்று கேட்டபோது, “உன் வாய்க்கு ஏற்கெனவே எது தெரியுமோ அதைச் சொல்லு. புதுசு எதுக்கு?” என்றாள். அவள் புத்தர் பேரைச் சொல்வாள், நான் நமசிவாய சொல்வேன். என் மனசு பாதியில் லாரி பின்னால் ஓடிவிடும். சயாம் எப்படி இருக்கும், சோறு போடுவார்களா, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். இதை அவளிடம் சொன்னேன். “ஓடினா ஓடட்டும். நீ பின்னாடி ஓடாத. உட்கார்ந்த இடத்துலயே இரு, அதுக்கு வீடு தெரியும்” என்றாள். பெரிய படிப்பெல்லாம் இல்லை அவளுக்கு. தன்னுடைய பைத்தியம் எப்படித் தெளிந்ததோ அதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போது காட்டுப் பாதையில் ஒரு சண்டை நடந்து ஜப்பான் சிப்பாய்கள் சிலர் செத்துப்போனார்கள். அவர்களுக்குச் சடங்கு செய்ய வேண்டும் என்று அதிகாரி நினைத்தார். அவர்களும் புத்தரைக் கும்பிடுகிறவர்கள்தான். ஆனால் ஓதுவதற்குப் பக்கத்தில் பிக்கு யாரும் இல்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஜப்பான் பாஷை கொஞ்சம் கற்றுக்கொண்டு அதிகாரிக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். ஆற்றங்கரையில் ஒரு சீனப் பெண் ஓதுவாள் என்று அவர் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டதும் பதில் சொல்லிவிடுகிற பயம் அப்போது எல்லாருக்கும் இருந்தது.

அதிகாரியே குடிசைக்குப் போய், வெளியே நின்று, அவள் ஓதியதைக் கேட்டாராம். உடனே உத்தரவு. நாளைக் காலை கோயிலுக்கு முன்னால் இருக்கும் திடலில் செத்த சிப்பாய்களுக்குச் சடங்கு. அவள் வந்து ஓத வேண்டும். தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் வந்து வணங்க வேண்டும்.

சேதி கேட்டதும் நான் அவள் குடிசைக்கு ஓடினேன்.

“ஆத்தைக் கடந்து போயிடு அக்கா. அக்கரையில மலாய்க்காரங்க கம்பத்துல யாராவது வெச்சுக்குவாங்க” என்றேன்.

அவள் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். “நான் போனா உங்க லயத்தை எரிப்பாங்க” என்றாள்.

“அப்போ ஓதப் போறியா?”

“ஓதுவேன்.”

“உன் புருஷனைக் கொன்னவங்களுக்கா?”

அவள் பதில் சொல்லாமல் அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சு ஆறினேனே, கடைசியில் இதுதானா என்று தோன்றியது. சாமி பேரைச் சொல்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் குனிந்துதான் போவார்களா? ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை. குழந்தையை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் திடலுக்குப் போனேன். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அதனால் பெரட்டு வழக்கம்போல விடியாத இருட்டில் நடந்தது. முதலில் கிழக்கே திரும்பி ஜப்பான் சக்கரவர்த்திக்குக் குனிந்து வணக்கம். அது தினமும் உண்டு. குனியாவிட்டால் முதுகில் துப்பாக்கிக் கட்டை விழும். வெளிச்சம் வந்த பிறகு சடங்கு தொடங்கியது. கோயில் வாசலில் ஒரு மேசை. அதன்மேல் வெள்ளைத் துணி சுற்றிய சின்னச் சின்ன மரப்பெட்டிகள். உள்ளே சாம்பல். மேசைக்கு இரண்டு பக்கமும் சிப்பாய்கள், துப்பாக்கி முனையில் கத்தி சொருகியபடி.

அவள் வந்தாள். சாம்பல் நிறச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தாள். தரையில் மண்டியிட்டு மரமீனை எதிரில் வைத்தாள். அதிகாரி ஊதுவத்தி கொளுத்தி வைத்துவிட்டுக் கை கூப்பினார். அவள் ஓதத் தொடங்கினாள்.

அவள் ஓதியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குடிசையில் ஓதுவது போலவேதான், அதே நிதானம். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடும் கூடவே அசைந்தது. அவர்கள் நாட்டிலும் அதே புத்தர் பேர்தான், உச்சரிப்பு மட்டும் வேறு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் நமசிவாயகூட நாக்கில் வர மறுத்தது.

ஓதி முடித்ததும் அதிகாரி செத்த சிப்பாய்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் அவள் மரமீனை ஒரு தடவை தட்டி, புத்தர் பேரைச் சொன்னாள். கடைசிப் பெயரும் முடிந்தது. அதிகாரி இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்தார். எல்லாம் முடிந்தது என்று சிப்பாய்கள் காலை மாற்றி நின்றார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. மரமீனைத் தட்டினாள். ஒரு பெயர் சொன்னாள். மறுபடி தட்டினாள், இன்னொரு பெயர். சீனப் பெயர்கள். அதே குரல், அதே நிதானம். மூன்றாவது பெயரில் அதிகாரி திரும்பினார். என்ன சொல்கிறாள் என்று கிராணியைக் கேட்டார். கிராணி அவளிடம் மலாயில் கேட்டார்.

“என் புருஷன். அவர் தம்பி. என் அப்பா” என்றாள் அவள்.

கிராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னவோ சுற்றி வளைத்துச் சொல்லப் பார்த்தார். ஆனால் அதிகாரிக்கு அந்த அளவுக்கு மலாய் தெரியும். கிராணியைக் கையால் ஒதுக்கிவிட்டு அவள் எதிரில் வந்து நின்றார்.

“எதிரிகளுக்கு இங்க சடங்கு இல்ல” என்றார்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். “செத்தவங்களுக்குப் பட்டாளச் சட்டை ஏது துவான்? உங்க ஆளுங்களுக்கு ஓதினேன், கேட்டீங்க. இவங்களுக்கும் ஓதறேன், கேளுங்க. புத்தர்கிட்ட பாதியை மட்டும் கொண்டுபோக எனக்குத் தெரியாது.”

அதிகாரி மரமீனைக் காலால் எட்டி உதைத்தார். அது உருண்டு வந்து எங்கள் வரிசை ஓரத்தில் கவிழ்ந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையால் தரையைத் தட்டினாள். புருஷன் பெயரை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. நேற்று அவள் ஏன் பதில் சொல்லவில்லை என்று புரிந்தது. அவளிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவர்கள், அவள் வேண்டுதலையும் தங்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அதை மட்டும் அவள் கொடுக்கவில்லை.

ஒரு சிப்பாய் கத்தியை அவள் கழுத்துப் பக்கம் நீட்டினான். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

என் வாய் திறந்துகொண்டது. என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன்.

எங்கள் காலத்தில் ஒரு பெண் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷனுக்குப் பேர் கேட்டாலும் பக்கத்தில் நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும். பேர் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று வளர்த்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் ஒரு தடவைகூட என் நாக்கில் வந்ததில்லை. அதை அன்று, அத்தனை ஜனத்துக்கு நடுவில், தொண்டை கிழியச் சொன்னேன். சொல்லி, நமசிவாய என்றேன்.

என் பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்தாள். நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் தன் புருஷன் பெயரைச் சொன்னாள். அவளுக்கு அடுத்தவள் சொன்னாள். பின்வரிசையிலிருந்து ஒரு தாய் தன் மகன் பெயரைச் சொன்னாள். பண்டாரத்தின் மனைவி சொன்னாள், பெயரை முழுசாகச் சொல்ல முடியாமல் திக்கித் திக்கிச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் சேர்ந்து நமசிவாய என்றோம். அந்தச் சீனப் பெண் தரையைத் தட்டி ஓமித்தோ என்றாள். கூடவே கங்காணி மனைவியின் குரல் கேட்டது. அவளுடைய தம்பியும் அந்த லாரியில் போனவன். புருஷன் பக்கத்தில் நின்று முறைக்க முறைக்க, தம்பி பெயரை அவள் மூன்று தடவை சொன்னாள். கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் தலை குனிய வைத்தது ஜப்பான்காரன் இல்லை.

அதிகாரி எங்கள் பக்கம் வந்தார். முதலில் சத்தம் போட்டவள் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நேராக என் முன்னால் நின்றார்.

“இவங்கல்லாம் செத்துட்டாங்களா?” என்று மலாயில் கேட்டார்.

“தெரியாது” என்றேன். “கொண்டுபோனது நீங்க. நீங்கதான் சொல்லணும்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் என்ன இருந்தது என்று இன்று வரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு அறைந்தார். இடது பக்கம். விழுந்து எழுந்தேன். காதில் ரீங்காரம் மாதிரி ஒன்று தொடங்கியது. இன்றைக்கும் அந்தக் காது சரியாகக் கேட்காது. குழந்தை ஆயாக்கொட்டகையில் இருக்கிறதே, என்னைச் சுட்டுவிட்டால் அதை யார் பார்ப்பார்கள் என்று அப்போதுதான் பயம் வந்தது. பயம் வந்தாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

சுடவில்லை. பெட்டிகளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பெண்கள் எல்லாரும் வெயிலில் மண்வெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று தண்டனை போட்டார். அவளையும் எங்களோடு நிறுத்தினார்கள். கை நடுங்கிக் கீழே வந்தால் அடி. மத்தியானம் வரை நின்றோம். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த நேரம் முழுக்க நாங்கள் சொல்வதை நிறுத்தவில்லை. உதட்டுக்குள் இல்லை, வாய் திறந்து சொன்னோம். காவல் சிப்பாய் முதலில் அதட்டிப் பார்த்தான். பிறகு அலுத்துப்போய் நிழலில் உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பக்கத்தில்தான் அவள் நின்றாள்.

“நேத்து உன்மேல கோபப்பட்டேன் அக்கா” என்றேன்.

“தெரியும். கீரை வாங்காம போயிட்ட” என்றாள். தலைக்குமேல் மண்வெட்டி, கண்ணில் வியர்வை, அதோடு சிரித்தோம்.

அன்று சாயங்காலமே அவள் குடிசையைப் பிடுங்கிப் போட்டு அவளை ஆற்றுக்கு அக்கரை விரட்டிவிட்டார்கள். தோட்டத்துப் பக்கம் காலெடுத்து வைத்தால் சுடுவோம் என்றார்கள். ரேஷனில் வந்துகொண்டிருந்த பிடி அரிசியையும் உப்பையும் எங்களுக்கு அந்த மாசம் நிறுத்தினார்கள். கிழங்கையும் காட்டுக் கீரையையும் தின்று காலம் தள்ளினோம். சில குழந்தைகள் ரொம்ப வாடிவிட்டன. நாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று லயத்தில் சிலர் பேசத்தான் செய்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலைத் திறந்தபோது அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். கங்காணி மனைவி எண்ணெய் கொண்டு வந்தாள். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று நானும் போய்க் கேட்கவில்லை.

ஜப்பான்காரர்கள் சரணடைந்து கொஞ்ச காலம் கழித்து, சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். போன லாரிக்கு வந்தது ஒரு கைப்பிடி ஆள். பண்டாரம் வந்தார், காலில் ஆறாத புண்ணோடு. கங்காணி மனைவியின் தம்பி வரவில்லை. என் வீட்டுக்காரர் வரவில்லை. மழைக்காலத்தில் வாந்திபேதி கண்டு போய்விட்டார், நிறையப் பேரோடு சேர்த்து எரித்துவிட்டார்கள் என்று பண்டாரம்தான் சொன்னார். எந்த நாள், எந்தக் கிழமை என்று அவருக்கும் தெரியவில்லை. நான் திடலில் பெயர் சொன்ன அன்று அவர் உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. பேர் சொன்னதால்தான் ஆயுசு குறைந்தது என்று உறவில் ஒருத்தி சாடையாகச் சொன்னாள். அவரைக் கொன்றது நான் சொன்ன சொல் இல்லை, அவரைக் கொண்டுபோன லாரி என்று அவளிடம் நேராகவே சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை என் முன்னால் எடுக்கவில்லை.

சேதி தெரிந்த வாரம் அவள் படகில் இக்கரை வந்தாள். ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். அவள் என் வீட்டுக்காரர் பெயரைத் தன் நாக்குக்கு வந்த மாதிரி உச்சரித்து ஓதினாள். அவள் புருஷன் பெயரை அவளிடமே கேட்டுக்கொண்டு நான் நமசிவாய சொன்னேன். பிறகு அவள் அந்த வெள்ளைத் துணிப் பெட்டிகளில் இருந்தவர்களுக்கும் ஓதினாள். என்னையும் சொல்லச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது என்னால் முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. அவள் அளவுக்கு என் மனசு விரியவில்லை என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக விரிந்துவிட்டதாக நடிக்கவும் நான் தயாராக இல்லை.

அவள் பிறகு மலாக்காப் பக்கம் ஒரு மடத்தில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நானும் பெண்ணைப் படிக்க வைக்க டவுனுக்குக் குடிவந்தேன். தியானம், ஜபம் என்றால் கண்ணை மூடி உலகத்தை மறப்பது என்று பலர் பேசிக் கேட்கிறேன். எனக்குத் தெரிந்தது அப்படி இல்லை. கத்தி முனைக்கு முன்னால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே நிதானத்தில் தன் ஆட்களின் பெயரைச் சொன்ன ஒருத்தியைப் பார்த்தவள் நான். எதை வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளட்டும். யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் எனக்கு யாரும் உத்தரவு போட முடியாது என்ற திமிர் அன்று வந்தது, இந்த வயதிலும் சாமி முன்னால் உட்காரும்போது என் முதுகை நிமிர்த்தி வைப்பது அதுதான்.